எடுக்காத பல்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் பெண்ணுக்கு மேல்வரிசை முன்பல் கறுத்துப்போய், ஈறு வீங்கியிருந்தது. அறிவிப்புக் கூண்டின் கண்ணாடிக் கதவு காற்றில் திரும்பி வந்து முகத்தில் அறைந்ததன் பலன். அறைந்த அன்று பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து, சேர்த்துவைத்ததுபோல் வலித்தது.

அந்தப் பல் போனால் வேலையும் போய்விடும் என்பது அவள் பயம். நிலைய மேலாளர் ஏற்கெனவே, பதிவு செய்த குரலை வைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அதனால் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் பல்லே இல்லாததுபோல் அதை உதட்டால் மூடிக்கொண்டு, "தடம் எண் பதினான்கு புறப்படத் தயாராக உள்ளது" என்று சொல்லிப் பார்ப்பாள்.

"டியூப்ல காத்து போற மாதிரி இருக்கு," என்றான் கணவன். "டாக்டர்கிட்ட போறியா, பஞ்சர் கடைக்குப் போறியா?"

சிரித்தாலும் வலித்தது. பல்லை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அரசு மருத்துவமனையின் பல் அறையில் இரண்டே வைத்தியங்கள்தான். ஒன்று மாத்திரை, இன்னொன்று குறடு. பல்லைக் காப்பாற்றும் வைத்தியமெல்லாம் தனியார் மருத்துவமனைகளில் இருந்தது. அவற்றின் வாசலோடு அவள் திரும்பிவிடுவாள்.

கணவனின் அக்கா சலவைக்கடையில் இஸ்திரி போடுபவர். இளவயதிலேயே அந்த அறையில் நான்கு முன்பற்களைப் பறிகொடுத்தவர். உடம்பின் மற்ற பாகங்களைப் போலப் பல்லுக்கும் அரசு மருத்துவமனையில் முழு வைத்தியம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று அலைந்தார். கடைக்கு வருபவர்களிடம் "முதல்ல கையெழுத்து, அப்புறம் சட்டை" என்று மனுவை நீட்டுவார். வீட்டில் அவருக்கு 'மனு ராணி' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தவள்தான். அண்மையில் அந்தச் சட்டம் நிறைவேறியபோதும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பல்லை எடுத்துட்டு வந்துடறேன் அண்ணி. துணைக்கு வர்றீங்களா?"

"எடுக்கறதுக்குத் துணை எதுக்குடி? கிளம்பு, வர்றேன். ஆனா எடுக்கறதுக்கு இல்ல."

பல் அறையில் புது நாற்காலி வந்திருந்தது. தலை வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. உட்கார்ந்ததும், வழியெல்லாம் அண்ணி சொன்னது மறந்துபோய், பழக்கதோஷத்தில் வாயை ஆவென்று திறந்து, "எடுத்துடுங்க" என்றாள்.

"நீங்களுமா?" என்றார் இளம் பெண் மருத்துவர். "காலையிலேருந்து எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எடுக்க மாட்டேன்னா என்மேல கோபம் வேற."

படம் எடுத்துப் பார்த்தார். "வேர் கெட்டியா இருக்கு. உள்ளே நரம்புதான் செத்துப்போச்சு. சுத்தம் பண்ணி அடைச்சுட்டா பல் உங்ககூடவே இருக்கும்."

"பேச்சு?"

"எப்பவும்போலப் பேசலாம்."

"இதெல்லாம் இங்கேயே பண்ணுவீங்களா?"

"இப்ப பண்ணியே ஆகணும்மா. சட்டம் வந்துடுச்சே."

அவள் வாசலைப் பார்த்தாள். அண்ணி அங்கே நின்றுகொண்டு, கைகழுவும் முறை பற்றிய சுவரொட்டியை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து, அடுத்த வாரம் மீண்டும் வரச்சொல்லி மருத்துவர் அனுப்பிவைத்தார். வலி போயிருந்தது. மேலுதடு மரத்து, யாருடையதோபோல் தொங்கியது. "அண்ணி..." என்று ஆரம்பித்தாள். சொல்ல நிறைய இருந்தது. எல்லாம் காற்றாகவே வந்தது.

"உன் உதடு இப்ப உன் பேச்சைக் கேக்காது. சாயங்காலம் சொல்லு," என்றார் அண்ணி.

சாயங்காலம்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. நேரே சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் போனாள். அண்ணியைக் காட்டி, தன் முன்பல்லைத் தட்டிக் காட்டினாள். உள்ளே இருந்தவர் ஒன்றும் கேட்காமல் டோக்கனை நீட்டினார்.

"எனக்கு எதுக்குடி பல்லு? இப்படியே பழகிப்போச்சு."

அவள் உதட்டை விரலால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள். "என்னைப் பழக விடலையே நீங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கும் அண்ணி டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"ஏம்மா, ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இந்த நாற்காலி வந்துடுச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"ஏன்? சட்டம் ஆத்தைத் தாண்டாதா?"

"நீங்க வாயைக் கொஞ்சம் திறங்க, அளவு எடுக்கணும்."

"திறந்துதானே கேட்டுட்டு இருக்கேன்."