ஈரம் கையேட்டின் நான்காம் அத்தியாயம்

'கருவிகள் அழியும், கையேடுகளே காலத்தை வெல்லும். ஓர் இனத்தின் ஆன்மாவை அறிய விரும்புவோர் அது தன் கருவிகளை எவ்வாறு விளக்கிச் சென்றது என்பதைக் காண்பார்களாக.'

இந்த வாசகம் 'ஈரம்' என்ற எழுத்துச் செயலியின் கையேட்டில், முதல் பக்கத்துத் தாமரைப் படத்துக்குக் கீழே இருக்கிறது. கையேடு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். செயலி நூற்று நாற்பது வரி. அதைப் பயன்படுத்தியவர்களின் எண்ணிக்கை ஒன்று.

இரண்டையும் எழுதியவன் தமிழரசு. அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மூன்றாம் மாடி வீடு. 'ஏரியைப் பார்த்த' என்பது விளம்பரத்தில் இருந்த சொல். குளியலறையில் முக்காலி போட்டு ஏறி நின்றால் ஏரி தெரியும்.

ஈரம் செய்கிற வேலை சின்னது. அதில் எழுதியதை ஒன்பது நாள் தொடாமல் விட்டால் அழிந்துபோகும். எழுதுகிறவனைச் சோம்பலில்லாமல் வைத்திருக்க இது ஒரு பரிசோதனை. இப்படிப் பரிசோதனை செய்கிறவர்கள் அந்தப் பக்கத்தில் ஏழு பேர் இருந்தார்கள். 'சிறு எழுத்துக் கருவியாளர் வட்டம்' என்று பெயர் வைத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூடத்தில் கூடினார்கள். ஒருவருடைய செயலியில் எழுதியதை அழிக்கவே முடியாது. இன்னொருவருடைய செயலி ஒரு நாளைக்கு நாற்பது சொல்லுக்கு மேல் வாங்காது. ஆனால் கூட்டத்தில் யாரும் யாருடைய செயலியையும் திறந்து பார்த்ததில்லை. பேச்செல்லாம் கையேட்டைப் பற்றித்தான்.

வட்டத்தின் தலைவர் பார்த்தசாரதி. பம்பு செட் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கையேடு எழுதி ஓய்வு பெற்றவர். அந்தக் கையேட்டைப் படித்து யாராவது பம்பு ஓட்டியதாகத் தகவல் இல்லை. "இந்தப் பட்டனை அமுக்கு, இது நடக்கும்னு எழுதறதெல்லாம் வாஷிங் மெஷினுக்குய்யா. நாம படைப்பாளிங்க" என்பார். அவர் சொற்படி ஒருவர் தன் கையேட்டை ஓட்டல் விலைப்பட்டியலாக எழுதினார். இன்னொருவர் கல்யாணப் பத்திரிகையாக எழுதினார். அதில் செயலியை நிறுவும் முறை 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் இருந்தது. தமிழரசு எடுத்துக்கொண்டது பஞ்சாங்கம். மஞ்சள் அட்டை, கட்டம், நாள், நட்சத்திரம் எல்லாம் உண்டு.

அதில் மணிமகுடம் நான்காம் அத்தியாயம், 'இராகு காலம்'. பழைய எழுத்தைப் பெருக்கித் தள்ள ஈரத்துக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் வேண்டும். நல்ல காரியம் எதுவும் நடக்காத நேரத்தில் அழிக்கிற வேலையை வைப்பதே முறை என்று தமிழரசு அதை அந்தந்தக் கிழமையின் இராகு காலத்தில் ஓடவிட்டான். அதில் ஒரு பிழை இருந்தது. பெருக்குகிற நேரத்தில் எதையாவது சேமித்தால் அந்தக் கோப்பும் சேர்ந்து குப்பைக்குப் போனது. அரை மணி நேரம் உட்கார்ந்தால் சரிசெய்திருக்கலாம். சரிசெய்தால் அந்த அத்தியாயத்தின் பதினொரு பக்கம் வீணாகும். 'இராகு காலத்தில் சேமிப்பு விலக்குக' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான். பார்த்தசாரதி படித்துவிட்டு, "பிழையைக் காவியமா மாத்திட்டே" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

இருநூற்றைம்பது பிரதி அச்சாகி வந்தது. வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அப்போதுதான் தலைவர் கேட்டார்: "முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள ஒரு பயனர் வேணுமே. யாராவது பயன்படுத்தறாங்களா?"

தரைத்தளத்தில் தாட்சாயிணி இருந்தாள். அந்தக் கட்டடம் நிற்கிற இடம் அவள் மாமனாருடையது. இடத்துக்குப் பதிலாகக் கிடைத்த இரண்டு வீட்டில் ஒன்றில் அவள் இருந்தாள். செம்பரம்பாக்கத்தில் ஒரு கிடங்கில் பதிவேட்டு எழுத்தராக எட்டு வருடம் வேலை. மார்ச் மாதம் அங்கே சரக்கு அடுக்கிய ஒரு ரேக் சரிந்து, லோடு ஏற்றும் முனியனின் கால் நசுங்கியது. ரேக்கின் போல்ட் ஆடுவதைத் தெரிவிக்கவில்லை என்று பழியை தாட்சாயிணி மேல் போட்டு, உன்னை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அதுவரை கிடங்கு வாசலுக்குள் கால் வைக்கக் கூடாது. அவளோ போல்ட்டைப் பற்றிப் பிப்ரவரியில் மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் பதிவேட்டில் எழுதியிருந்தாள். அந்தத் தேதிகளைக் கடைசி நாள் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டு வந்திருந்தாள்.

கோடு போட்ட நோட்டில் எழுதத் தொடங்கியவளை மாடிப்படியில் பார்த்த தமிழரசு, "நோட்டுல எழுதினா யாருக்கா மதிப்பாங்க? நான் ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்று அவள் மகள் வர்ஷாவின் பழைய மடிக்கணினியில் ஈரத்தை ஏற்றிக் கொடுத்தான். கையில் கையேட்டையும் வைத்தான்.

தாட்சாயிணி கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அச்சுப் பிழை பார்த்தவன்கூட அதைச் செய்யவில்லை. பிறகு பதினொரு நாள், சமையல் முடித்த கையோடு உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள். ஒரே கோப்பு. நகல் கிடையாது, 'நகல் என்பது நம்பிக்கையின்மை' என்று ஏழாம் அத்தியாயம் சொல்லியிருந்தது. தேதிகளை ஏற்றியதும் பஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடிதம் கிடங்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கையேடு வெளியீடு. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு தாட்சாயிணி மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தாள். லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அது வருகிறவரை நிற்க அவளால் முடியவில்லை.

"தம்பி, இத்த கொஞ்சம் பாரு. அல்லாம் பூட்ச்சு."

"என்னக்கா போச்சு?"

"லெட்டருபா! தொறந்தா வெள்ளையா கீது. ஒரு எய்த்து இல்ல."

தமிழரசுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. காரணம் நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. "ராகு காலத்துல சேமிச்சிட்டீங்களாக்கா? தெளிவா போட்டிருக்கேனே."

"இன்னா நைனா, என்னையா கேக்குற? சனிக்கெழம ராகு காலம் ஒம்போதுலேர்ந்து பத்தரை, கொயந்தைக்குக்கூடத் தெரியும். அந்த நேரத்துல பொட்டியவே தொறக்கல. ஆஸ்பத்திரிக்குப் போயி முனியனப் பாத்துட்டு வந்தேன். ஒன்றரைலேர்ந்து மூணு எமகண்டம், உன் புக்குல இல்ல, ஆனா நமக்கு இன்னாத்துக்கு வம்புன்னு அதுவும் தாண்டட்டும்னு குந்திகினு இருந்தேன். மூணு பத்துக்குத்தான் அமுக்கினேன்."

மூணு பத்து நல்ல நேரம். தமிழரசு மடிக்கணினியை வாங்கிப் பார்த்தான். பிறகு தன் கணினியைத் திறந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் காது சிவந்தது. ஈரம் ஓடுவது வெளிநாட்டில் எங்கோ வாடகைக்கு எடுத்த கணினியில். அதன் கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் நடக்கிறது. அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை. ஈரத்தின் சனிக்கிழமை இராகு காலம் அயனம்பாக்கத்தில் இரண்டரையிலிருந்து நான்கு வரை இருந்தது. கையேட்டின் அத்தனை கட்டமும் தப்பு. அதை அவன் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை. தாட்சாயிணிக்கு முன்னால் யாரும் எதையும் சேமிக்காததால் யாருக்கும் தெரியவும் இல்லை.

"கெடைக்குமா தம்பி?"

"பாக்கறேன்கா."

"நான் சொன்னதெல்லாம் மனசுல கீது, மறுபடி எய்திடுவேன். தேதிதான் நெனப்புல இல்ல. பதிவேடு அவங்க கையில கீது. ஒரு தேதி தப்பா போட்டாகூடப் போதும், மொத்தமும் புளுகுன்னுடுவான் அந்த மேனேஜரு."

"ராத்திரிக்குள்ள பாத்துச் சொல்றேன். நீங்க எங்கயோ ஏதோ மாத்தி அமுக்கியிருப்பீங்க."

கடைசி வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது தன்னுடையது என்று அவனுக்குத் தெரிந்தது. தாட்சாயிணி வலது கை ஆள்காட்டி விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

தமிழரசு பார்த்தசாரதிக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் சொன்னான். மறுமுனையில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

"பிரதியெல்லாம் கட்டுப் பிரிச்சாச்சே" என்றார் அவர்.

"ஒரு பிழை திருத்தத் தாள் வைக்கலாமா சார்?"

"பஞ்சாங்கத்துக்கு யாராவது பிழை திருத்தம் போட்டுப் பாத்திருக்கியா? வாக்கியப் பஞ்சாங்கம் ஒண்ணு சொல்லும், திருக்கணிதம் ஒண்ணு சொல்லும். ரெண்டும் வித்துட்டுத்தான் இருக்கு. அப்படி வெச்சுக்கயேன்."

"அந்தக்காவோட வேலை சார்."

"வருத்தம்தான். ஆனா அவங்க நாளைக்கு வருவாங்கல்ல? பொன்னாடை வாங்கிட்டேன்."

இரவு எட்டு மணிக்குத் தமிழரசு உட்கார்ந்து கடிகாரத்தைச் சரிசெய்தான். ஒரே வரி, நான்கு நிமிடம். இனிமேல் ஈரம் கையேட்டில் உள்ளபடியே அழிக்கும். கையேடு இப்போது முழுக்க உண்மை. கடிதம் எங்கேயும் இல்லை. கீழே போய் அதைச் சொல்ல எழுந்தான். செருப்பு மாட்டினான். வெளியீட்டு உரையை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திரும்பி உட்கார்ந்தான்.

மறுநாள் கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் அதே கூடத்தில் அடுத்து நடக்கவிருந்த குடிநீர் லாரிக் கூட்டத்துக்கு வந்தவர்கள். தாட்சாயிணி வர மாட்டாள் என்று தமிழரசு நம்பிக்கொண்டிருந்தான். கையில் கோடு போட்ட நோட்டோடு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

பார்த்தசாரதி இருபது நிமிடம் பேசினார். பிறகு, "நம் வட்டத்தின் வரலாற்றில் முதல் பயனர்!" என்று அவளை மேடைக்கு அழைத்து, பொன்னாடையைப் போர்த்தி, மஞ்சள் அட்டைப் புத்தகத்தைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

"எனக்கு மேடையெல்லாம் பயக்கமில்ல" என்றாள் தாட்சாயிணி. "புக்கு நல்லா கீது. ஒரு வரி வுடாம படிச்சேன். புக்குல போட்டமாரிதான் அல்லாம் செஞ்சேன். அப்பியும் எய்தினது பூட்ச்சு. நான்தான் எங்கியோ மாத்தி அமுக்கிட்டேனாம்."

தமிழரசு எழுந்து நின்றான். எழுந்தது உண்மைதான். இரண்டு விநாடி நின்றான்.

"பார்த்தீங்களா!" என்று பார்த்தசாரதி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். "இழப்பையும் தன் பங்காக ஏத்துக்கற பக்குவம்! ஒரு கையேடு மனிதனுக்கு இதைவிட என்ன கொடுக்க முடியும்? ஆசிரியரே நெகிழ்ந்து எழுந்து நிக்கறார் பாருங்க!"

கைதட்டினார்கள். லாரிக் கூட்டத்தார் பலமாகத் தட்டினார்கள். தமிழரசு உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் கலைந்து போண்டாத் தட்டுப் பக்கம் நகர்ந்தபோது தாட்சாயிணி அவனைச் சுவரோரமாக அழைத்தாள். பொன்னாடையை மடித்து அக்குளில் இடுக்கியிருந்தாள். நோட்டில் நாலு பக்கம் எழுதியிருந்தது. மூன்று இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருந்தாள்.

"அக்கா, அந்த லெட்டர் இனிமே..."

"அது வராது, தெரியும் வுடு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இப்ப நீதான் காப்பாத்தணும். வியாழக்கெழம உனக்குக் காட்டினேன்ல, நீ கீழேருந்து மேல வரிக்கும் படிச்சிட்டு, 'பாயின்ட் பாயின்டா இருக்குக்கா, தேதியெல்லாம் போட்டது ரொம்ப நல்லது'ன்னியே. கம்ப்யூட்டர்காரன் மூள, உனக்கு நம்பரு மறக்காது. அந்த மூணு தேதியச் சொல்லு."

பேனா மூடியைக் கழற்றினாள்.

தமிழரசு போண்டாத் தட்டைப் பார்த்தான். பார்த்தசாரதி அங்கிருந்து அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"மூணாம் தேதி" என்றான் தமிழரசு. "அப்புறம் பத்து. பதினேழு."

தாட்சாயிணி சுவரிலிருந்த காலண்டரின் தாள்களைப் பின்னுக்குப் புரட்டினாள். "மூணும் செவ்வாக்கெழமையால்ல வருது?"

"செவ்வாய்க்கிழமைதான் ரேக் பாக்கப் போவீங்க போல."

"நான் தெனம் போவேனே." தாள்களைக் கீழே விட்டாள். "செரி, நீ பாத்திருக்கே, சொல்றே. நான் மூணு நாளாத் தூங்கல, என் தலையில ஒண்ணும் நிக்கல."

மூன்று இடத்திலும் நிதானமாக எழுதி, மை காய ஊதினாள்.

அந்தக் கடிதத்தில் தமிழரசு படித்திருந்தது முதல் வரி மட்டுமே. அதில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று இருந்தது.