கசிவு

விடிவதற்கு முன்பே மைதானத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. புதுத் தெளிப்பான் குழாய் பதிக்கிறார்கள். புல்லுக்குத் தாகம் எடுத்தால் மண்ணுக்குள்ளிருந்தே கருவி சொல்லுமாம். தண்ணீர் தானாக வருமாம். ஒரு சொட்டு வீணானாலும் காட்டிக்கொடுத்துவிடுமாம். பாதி மைதானத்துக்கு வேலை முடிந்து, மீதிக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் மறையும் ஆழத்தில் நின்று குழாய்க்காரர் குழாய் இணைத்துக்கொண்டிருந்தார். மேலே அவர் மனைவி, புல்லில் களை பிடுங்குவதால் எல்லோருக்கும் களையக்கா, கூடையில் ஈரமண் சுமந்தாள். மண் சரியாமல் தாங்கப் பள்ளத்துக்கு முட்டுப்பலகை வேண்டுமென்று முதலாளியிடம் கேட்டுக் கேட்டுக் குழாய்க்காரருக்கு அலுத்துப்போயிருந்தது.

மண் சரிந்தது. நகம் பிய்யப் பிய்யக் கையால் பறித்து அவரை வெளியே இழுத்தபோது உயிர் இல்லை. வந்த டாக்டரும் அதையே சொல்லிவிட்டுப் போனார்.

கேலரிக்குப் பின்னால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வாசலில் பெஞ்சில் கிடத்தி, மூக்கிலும் காதிலும் அடைந்திருந்த சேற்றைக் களையக்கா கழுவினாள். ஆளுக்கொரு குடமாகப் பிடித்துக் கொடுத்தார்கள். முகம் தெளிந்தது. மார்புக்கு வரும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மைதானத்து லைனிலிருந்து அந்தக் குழாயை இழுத்துக் கொடுத்தவரே அவர்தான். பாதி மனிதராக, பாதி மண்ணாகக் கிடந்தார்.

ஈரக்கையோடு ஆபீசுக்கு ஓடினாள். முதலாளி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வரிசை வீடுகள்ல பெரிய கசிவுன்னு காட்டுது. அதான் அந்தப் பக்கத்து வால்வு மட்டும் தானா மூடிக்கிச்சு.”

“கசிவு இல்லீங்க. என் வீட்டுக்காரரைக் குளிப்பாட்டுறோம்.”

“மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமாம்மா? கம்பெனி ஆள் நாளைக்கு வந்து திறப்பான்.”

“அதுவரைக்கும் அவரைச் சேத்தோட வச்சிருக்கவா?”

“எனக்கும் வருத்தந்தான். மேட்ச் வருதே, நான் என்ன செய்ய? அந்தப் பள்ளத்தை மட்டும் இன்னிக்குள்ள மூடிடச் சொல்லு.”

ஜன்னலுக்கு வெளியே தெளிப்பான்கள் சுழன்று சுழன்று புல்லை நனைத்துக்கொண்டிருந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், வாயைத் திறந்தாலே கிண்டல்தான் வரும் அவருக்கு, குனிந்து பெஞ்சின் ஒரு காலைப் பிடித்தார்.

“தூக்குங்கப்பா. தண்ணி இருக்கிற இடத்துக்குப் போவோம். அண்ணன் போட்ட குழாய்தானே.”

புல்லின் நடுவே இறக்கினார்கள். தண்ணீர் எல்லோர் மேலும் விழுந்தது. களையக்கா துண்டை நனைத்து மார்பைத் துடைத்தாள். சேறு கரைந்து புல்லுக்குள் இறங்கியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. பள்ளத்தருகே நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“எழுந்து போங்க! வேலை வேணுமா, வேணாமா?” முதலாளி வராந்தாவிலிருந்து கத்தினார்.

“பள்ளத்துக்குப் பலகை வரணும். வீட்டுக்குத் தண்ணி வரணும். அதுவரைக்கும் ஒருத்தரும் கடப்பாரையைத் தொட மாட்டோம்,” என்றார் கோடு போடுகிறவர்.

“போலீசைக் கூப்பிடுவேன். யாரு இதுக்கெல்லாம் தலைவர்? யாருய்யா நீங்கல்லாம்?”

களையக்கா நிமிரவில்லை. கணவரின் கால் விரலிடுக்கில் இருந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“கசிவுங்க,” என்றாள். “பெரிய கசிவு.”

பக்கத்தில் இருந்தவள் இன்னொரு துண்டை நனைத்து நீட்டினாள்.