கருகிய விதைகள் முளைத்ததால்

ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்பு அடுப்பில் கருகிப்போன காட்டுக்கீரை விதைகள் நாலாயிரமும், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக் குப்பிகளுக்குள் முளைத்திருந்தன. தண்ணீரோ மண்ணோ யாரும் போடவில்லை. எல்லாவற்றிலும் இரண்டிரண்டு இலைகள்.

அவற்றை ஆற்றங்கரையில் தோண்டியெடுத்தவர்களில் வெர்னா காஃப்ரோப்பும் ஒருத்தி. அவள் வீடு அதே கரையில் இருந்தது. வரவிருந்த அணையில் முழுகவேண்டிய வீடு. வெர்னாவின் ஜனங்களான பிளாக்ஃபுட் பழங்குடியினர் எருமை வேட்டையாடியதோடு சரி, ஓரிடத்தில் தங்கவில்லை என்றுதான் அரசாங்கம் சொல்லிவந்தது. வருடாவருடம் அங்கே வந்து விதை சேர்த்துச் சமைத்தார்கள் என்று நிரூபித்தால் அணையைத் தள்ளிக் கட்டுவதாக எழுதியும் கொடுத்திருந்தது. அதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த விதைகள். பழக்கூழ் குடிக்குமுன் ஒரு பழத்தை உயர்த்திப் பிடித்து, அடுத்த வருடமும் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று வேண்டி மண்ணில் புதைப்பது பிளாக்ஃபுட் ஜனங்களின் வழக்கம். முன்னோர் சாப்பாடு கைக்கு வந்திருக்கிறதே என்று, திங்கட்கிழமை வெர்னா ஒரு விதையை எடுத்து அப்படியே செய்திருந்தாள்.

"நல்லவேளைக்கா, எருமை எலும்பைப் புதைச்சுக் கும்பிடல. இந்நேரம் ஆபீஸ் கதவை முட்டிக்கிட்டு நிக்கும்" என்றான் தம்பி டெல்மர்.

"பல்லைக் காட்டாத. வீடு போகப்போகுது."

அணைக்காரர்கள் அனுப்பிய நிபுணர் அரைமணி நேரம்தான் இருந்தார். "கருகின விதை முளைக்காதும்மா. முளைச்சிருக்குன்னா கருகல. கருகலைன்னா பழசில்ல."

"பழசுன்னு வயசு பார்க்கிற உங்க மெஷின்தானே சொல்லிச்சு?"

"மெஷினும் தப்புப் பண்ணும்."

அறிக்கையில் அது ஒரே வரி: விதைகள் பழையவை அல்ல, சாட்சி செல்லாது. மூன்றாம் வருடம் ஜூனில் தண்ணீர் வந்தது. வெர்னாவின் வீட்டில் கடைசியாக முழுகியது புகைபோக்கி. அதற்கு நான்கு நாள் பிடித்தது. அவள் நகரத்தில் ஓர் ஒற்றை அறைக்குப் போனாள். குப்பிகள் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்துக்குப் போயின. அங்கே கீரையை வேரோடு பிடுங்கி எரித்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் பழையபடி வளர்ந்து அலமாரியை மூடியது. பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. துப்புரவு வேலைக்கு விளம்பரம் கொடுத்தபோது, தரை துடைத்தல், குப்பை அகற்றுதல் ஆகியவற்றோடு வெள்ளிதோறும் கீரை அறுத்தல் என்றும் சேர்த்தார்கள். வெர்னா அந்த வேலையில் பதினேழு வருடம் இருந்தாள். கத்தரிக்கோல் மட்டும் வருடத்துக்கு ஒன்று புதிதாகக் கொடுத்தார்கள்.