பினாங்குக்குப் போகாத கருவாடு

தபீதாள் டீச்சர் கப்பலில் சிங்கப்பூர்வரை போய்த் திரும்பப் போகிறாள் என்று போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் சொன்னாலும் சொன்னார், கிழக்குத் தாம்பரத்தில் ஊறுகாய் போடாத வீடே இல்லை என்றாகிவிட்டது. வாழ்த்துச் சொல்ல வந்த ஒருவராவது வெறுங்கையோடு வந்திருக்கவேண்டுமே! துணி சுற்றித் தைத்து, மேலே நீல மசியில் விலாசம் எழுதிய பொட்டலத்தோடு வந்தார்கள். பினாங்கில் மகள், சிங்கப்பூரில் மைத்துனன், போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் சித்தப்பா மகன். இத்தனை பேருக்கு அக்கரையில் இத்தனை சொந்தம் இருப்பது டீச்சருக்கே அப்போதுதான் தெரிந்தது.

“கங்கிராஜுலேஷன்ஸ் டீச்சர். கொடுத்துவச்சவங்க நீங்க,” என்றார் சபைச் செயலாளர் வேதசிரோமணி. சொல்லிக்கொண்டே, துணியில் தைத்த ஒரு பித்தளை இடியாப்ப உரலை நாற்காலிமேல் வைத்தார். “நம்ம பையன் ஜெயசீலன் சிங்கப்பூர்ல இடியாப்பம் இல்லாம தவிக்கிறான். துறைமுகத்திலேர்ந்து ரெண்டு பஸ் மாறினா அவன் வீடு.”

“சார், எனக்கு அங்கே மூணு நாள்தான்.”

“அதனாலென்ன? உங்களுக்கு அங்க வேற என்ன வேலை?”

வேற என்ன வேலை! இருபத்தேழு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை துறைமுகங்களைச் சொல்லிக்கொடுத்திருப்பாள்! பிரம்பின் நுனியால் படத்தில் தொட்டதைத் தவிர, அவற்றில் ஒன்றையும் அவள் கண்ணால் கண்டதில்லை. பத்திரிகையில், நூலகப் புத்தகத்தில் எந்தத் துறைமுகத்தைப் பற்றி எது படித்தாலும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பாள். பினாங்குக்கு ஒரு பக்கம். மலைமேல் ஏறுகிற ரயில், ஆயிரம் படிக் கோயில், கடற்கரையோரக் கோட்டை. கப்பல் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றும். பினாங்கில் ஒரு பகல் நிற்கும், போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் அரைநாள், சிங்கப்பூரில் மூன்று நாள். அதே கப்பலில் திரும்பிவிடவேண்டும். கிடைக்கப்போகும் அந்தச் சில நாட்களுக்காகத்தான் அவள் ஐந்து வருஷம் புதுப் புடவை எடுக்காமல் இருந்தாள். அந்த நாட்களை ஊர் கூடிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லித்தான் பார்த்தாள். “உங்களுக்கென்ன டீச்சர், குடும்பமா குட்டியா? பெட்டி காலியாத்தானே போகும்?” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணம் ஆகாதவளுடைய பெட்டி பொதுச்சொத்து என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியவில்லை. சனிக்கிழமைக்குள் பதினொரு பொட்டலங்கள் சேர்ந்துவிட்டன.

அவள் என்ன பார்க்கப் போகிறாள் என்று கேட்டது ஒரே ஒருத்திதான். பள்ளிக்கூட ஆயா கன்னியம்மா. வராந்தா பெருக்குகிற சாக்கில் டீச்சரின் வகுப்பைப் பத்து வருஷமாகக் காதில் வாங்குகிறவள்.

“ஏன் டீச்சர், அந்த மலை மேல ஏறுற ரயிலு நெசமாவே கீதா? இல்ல, புள்ளைங்கள ஏமாத்தறதுக்குச் சொன்னதா?”

“நிஜம்தான் கன்னியம்மா.”

“அப்ப ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லு. எனக்கு வேற இன்னா வோணும்?”

இந்தக் கப்பல் சுற்றுலாவை நடத்தியவர் தேவானந்தம், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். நாசரேத்திலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் வந்த முப்பது பேருக்கு, கப்பலேறுவதற்கு முன்னால் சனிக்கிழமை முழுக்கச் சென்னையைச் சுற்றிக்காட்டுவதாகப் பேச்சு. டீச்சரும் அதற்குச் சேர்த்துத்தான் பணம் கட்டியிருந்தாள். உள்ளூர்க்காரிக்கு இது எதற்கு என்று தேவானந்தம் கேட்கத்தான் செய்தார். மியூசியத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் வருஷாவருஷம் போயிருக்கிறாள், நாற்பது பிள்ளைகளோடு. நாற்பது தலைகளைத்தான் பார்த்திருக்கிறாள். புலி எந்தப் பக்கக் கூண்டில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஒருநாளாவது யாரையும் எண்ணாமல் ஊரைப் பார்க்கவேண்டும் என்று ஆசை.

பஸ் எழும்பூரை விட்டுக் கிளம்பியதுமே தேவானந்தம் எழுந்து நின்றார். “எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி. நம்ம கூட ஒரு டீச்சர் இருக்காங்க. ஒவ்வொரு இடத்திலும் ஆள் எண்ணி ஏத்தறதை அவங்க பாத்துப்பாங்க.” முப்பது பேரும் கைதட்டினார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எண்ணினாள். மியூசியத்தில் எண்ணினாள், சாந்தோமில் எண்ணினாள், கடற்கரையில் சுண்டல் வாங்கப்போன இரண்டு பேரைத் தேடி மணலில் ஓடினாள். பஸ் தாம்பரம் வழியாகத் திரும்பி, வண்டலூர், செங்கல்பட்டு தாண்டி மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தது. அங்கே அர்ஜுனன் தபசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று இருபத்தொன்பது, முப்பது என்று விரல் மடக்கினாள். பல்லவன் செதுக்கிய யானையைப் பார்க்க ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து வந்தவளுக்கு அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தில் பாதி தேவானந்தத்தின்மேல். மீதிப் பாதி, எண்ணச் சொன்னதும் எண்ண ஆரம்பித்துவிட்ட தன்மேல்.

திரும்பி வரும்போது தேவானந்தம் சுங்கப் படிவத்தைப் படித்துக் காட்டினார். பெட்டியில் இருப்பதெல்லாம் தன் சொந்த உபயோகத்துக்கான பொருள் என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடவேண்டுமாம். “சும்மா ஃபார்மாலிட்டி. போட்டுட்டுப் போயிட்டே இருக்கவேண்டியதுதான்,” என்றார்.

பொய் சொன்னதற்காகப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியவள் அவள். இடியாப்ப உரலும் பத்து வீட்டு ஊறுகாயும் தன் சொந்த உபயோகத்துக்கு என்று எப்படிக் கையெழுத்துப் போடுவாள்?

வீட்டுக்கு வந்தால், தம்பி மனைவி ரத்தினபாய் பொழிச்சலூரிலிருந்து வந்து டீச்சரின் பெட்டியைத் தானே அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சரின் இரண்டு புடவைகளும் குடையும் கட்டில்மேல் கிடந்தன. அவை இருந்த இடத்தில் நெய்மீன் கருவாட்டு மூட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது.

“பினாங்குல இருக்கிற என் தங்கச்சிக்கு, அக்கா. அவ வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் வருவாராம். நீங்க அவரைப் பாக்கிறவரைக்கும் அவ வீட்டுலயே ரெஸ்ட் எடுங்க. புடவை ரெண்டும் அவகிட்டயே இரவல் வாங்கிக்கலாம்.”

டீச்சர் மூட்டைமேல் விலாசம் எழுதி ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். கோடு போட்ட தாள். கஞ்சிப்பசையில் அரைகுறையாக ஒட்டியிருந்த அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பின்பக்கம் அவளுடைய கையெழுத்து. மலைமேல் ஏறுகிற ரயில். ஆயிரம் படிக் கோயில். கடற்கரையோரக் கோட்டை.

“ரத்தினம், இதை எங்கேர்ந்து எடுத்தே?”

“அந்தப் பழைய நோட்டுலேர்ந்துதான் அக்கா. ஒரு தாள்தானே?”

டீச்சர் அந்தத் தாளை நனைத்து, கிழியாமல் மெல்ல உரித்தெடுத்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். “இதை எடுத்துட்டுப் போ ரத்தினம். என்னால கொண்டுபோக முடியாது,” என்றாள். ரத்தினபாய் சிரித்தாள். “டயர்டா இருக்கீங்க அக்கா, தூங்கி எழுந்தா சரியாயிடும்,” என்று சொல்லி, மூட்டையை அப்படியே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் சபையில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததையும் சமைத்ததையும் வளர்த்ததையும் ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் அவற்றை ஏலம் போடுவார்கள். ஏலம் எடுத்தவர் பெருமைக்காக மறுபடியும் காணிக்கையாகக் கொடுப்பதும், அது திரும்ப ஏலத்துக்கு வருவதும் உண்டு. ஒரு பூசணிக்காய் நாலு முறை விலைபோன வருஷமெல்லாம் இருந்திருக்கிறது.

டீச்சர் விடிந்ததும் ஒரு கைரிக்‌ஷா வைத்து, பன்னிரண்டு பொட்டலங்களையும் கோயில் வராந்தாவில் கொண்டுபோய் இறக்கினாள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உரியவர்களைக் கூப்பிட்டு அவரவர் கையில் கொடுத்துவிடுவது என்பதுதான் அவள் எண்ணம். அதற்குமேல் ஒன்றுமில்லை, சத்தியமாக.

ஆனால் கோயிலில் மணி அடிக்கிற சாலமோன் தன் வேலையில் கண்ணும் கருத்துமானவர். பண்டிகை நாளில் வராந்தாவில் பொட்டலம் இருந்தால் அது காணிக்கைதான் என்பது அவர் அனுபவம். மேலே எழுதியிருக்கிற பெயர் கொடுத்தவர் பெயர். எப்போதும் அப்படித்தானே? பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோதே பன்னிரண்டையும் பிரித்து, பரங்கிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே மேசையில் அழகாக அடுக்கி, பெயர்த் துணிகளைப் பக்கத்தில் குத்திவைத்துவிட்டார்.

டீச்சர் பந்தலுக்கு வந்து பார்த்தாள். ஐயோ என்று வாய் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து வேதசிரோமணி அவள் முழங்கையைத் தொட்டார்.

“டீச்சர், நல்லவேளை பாத்தேன். இன்னும் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கு. சாயங்காலம் அனுப்பறேன்.”

டீச்சர் எடுத்த வாயை மூடிக்கொண்டாள். தர்மம் நியாயம் பார்க்கிறவர்கள் அவளைக் குறை சொல்லிக்கொள்ளட்டும். நான் சொல்லமாட்டேன்.

ஏலம் போட்டது அவள் தம்பி ஞானையா. சபையிலேயே பெரிய குரல் அவனுக்குத்தான். அவன் இடியாப்ப உரலைத் தலைக்குமேல் தூக்கிப் பெயரைப் படித்தான். “இதோ பாருங்க! நம்ம செயலாளர் ஐயாவோட மகன் ஜெயசீலன், சிங்கப்பூர்ல இருந்தாலும் தாய்ச்சபையை மறக்கல! பித்தளை உரல் காணிக்கை!”

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. போதகர் எழுந்து வந்து வேதசிரோமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாவம், மனிதர் என்ன சொல்வார்? கர்த்தருக்குப் படைத்ததை, அது தப்பாக வந்தது என்று சபையின் முன்னால் திருப்பிக் கேட்கமுடியுமா? தன் உரலைத் தானே ஏலம் கேட்டார். போட்டிக்கு ஆள் வந்தது. விடாமல் கேட்டு எடுத்தார். எடுத்ததும், “ஐயா திருப்பிக் கொடுப்பாங்க!” என்று நாலு பக்கமும் குரல் எழும்பியது. கொடுத்தார். இப்படியே மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் முகம் இடியாப்ப மாவுபோல வெளுத்துக்கொண்டே போனது. மற்ற ஊறுகாய்களும் அப்பளங்களும் அவற்றைப் போட்டவர்கள் வீட்டுக்கே, பல்லைக் கடித்துக்கொண்டு, விலைகொடுத்துத் திரும்பிப்போயின.

கடைசியில் பெயரில்லாத கருவாடு. “வாசனையே விலை சொல்லுது பாருங்க!” என்று ஞானையா முழங்கினான். சுத்துப்பட்டு முழுக்கக் கேட்டிருக்கும். பெண்கள் வரிசையில் ரத்தினபாய் அவனுக்குக் கண்ஜாடை காட்டிக் காட்டி ஓய்ந்தாள். வெள்ளை உடுத்தி வந்த கூட்டத்தில் கருவாட்டை மடியில் வைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கன்னியம்மா கையைத் தூக்கினாள். கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார்கள்.

“ஷோக்கா கீது டீச்சர்!” என்று மூட்டையை மோந்து பார்த்துக்கொண்டே போனாள்.

ரத்தினபாய் பந்தலின் மூலையில் டீச்சரை மடக்கினாள். “என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? என் தங்கச்சி முகத்தில நான் எப்படி முழிப்பேன்?”

“ஒரு கருவாடுதானே ரத்தினம்,” என்றாள் டீச்சர்.

திங்கட்கிழமை காலை துறைமுகத்தில் வழியனுப்ப உறவென்று யாரும் வரவில்லை. டீச்சர் அதற்காக வருத்தப்பட்டதாகச் சொன்னால் அது பொய். தேவானந்தம் பெயர்ப் பட்டியலை நீட்டியபடி ஓடிவந்தார். “டீச்சர், ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை எண்ணிடுங்க.”

“இதில ஒண்ணு நான். அதை நான் பாத்துக்கறேன். பாக்கி முப்பதையும் நீங்க எண்ணுங்க சார்.”

பட்டியலை அவர் கையிலேயே விட்டுவிட்டு, அவள் சுங்க மேசைக்குப் போனாள். அதிகாரி பெட்டியைத் திறந்தார். இரண்டு புடவை, ஒரு குடை, பைபிள், ஒரு நோட்டு. நோட்டிலிருந்து ஒரு தாள் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அவர் சந்தேகத்தோடு அடியில் கைவிட்டுத் துழாவிப் பார்த்தார்.

“ஊறுகாய், அப்பளம், கருவாடு ஒண்ணும் இல்லியா? அங்க உங்க சொந்தக்காரங்க யாருக்கும் எதுவும் கொண்டுபோகலையா?”

“அங்கே எனக்கு யாரும் இல்லை. ஊரைப் பாக்கப் போறேன்.”

அதிகாரி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு படிவத்தைத் தள்ளினார். “பெட்டியில இருக்கிறதெல்லாம் உங்களோடதுதானே? படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க.”

தபீதாள் டீச்சர் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். “ஆமா சார், எல்லாம் என்னோடதுதான்,” என்று சொல்லி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் பெட்டியின்மேல் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். கூலியாள் ஒருவர் தூக்கவந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவளே அதைக் கையில் எடுத்துக்கொண்டு கப்பல் ஏணியில் ஏறினாள்.