போர்வைக் கடைப் பேரன்

குளிர் வந்துவிட்டது. கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளிய கைகள் சில்லிட்டுச் சிவந்தன. வாயைத் திறந்தால் புகை வந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்கக் கடையின் சின்ன முதலாளிக்கு மட்டும் உடம்பெல்லாம் உற்சாகம் ஊறியது.

"அண்ணே, அடிச்சுது பாருங்க யோகம்! போன மாசம் வரைக்கும் ஃபேனுக்கு அடியில கிடந்த ஜனம், இப்போ பல்லு தந்தியடிச்சுக்கிட்டுப் போகுது. மத்தியானத்துக்குள்ள கடை நிறையலேன்னா என் பேரையே மாத்திக்கிறேன்!"

"பேரை அப்புறம் மாத்திக்கலாம். முதல்ல சட்டைப் பொத்தானை மாத்திப் போடு. ஒரு பக்கம் தோள்ல ஏறி நிக்குது," என்றார் அண்ணன்.

அண்ணனை ஊரில் 'விரல்காரர்' என்றுதான் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒருமுறை தேய்த்தால் போதும். எந்தப் பஞ்சு, எத்தனை சலவை தாங்கும், எங்கே கலப்படம் என்று சொல்லிவிடுவார். அவருடைய அப்பாவும் அப்பாவின் அப்பாவும் போர்வை விற்றவர்கள். அந்தக் கடையிலிருந்து ஒரு மட்டச் சரக்குகூட வெளியே போனதில்லை. அந்தக் குடும்பத்துக்கு அதில் பெருமை உண்டு. பெருமைப்பட உரிமையும் உண்டு. ஆனால் பெருமை என்பது கஞ்சி போட்ட சட்டை மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு குனிவது கஷ்டம்.

இந்தக் குளிருக்கென்று கடையில் புதிதாக ஒன்று இறங்கியிருந்தது. பெயர் 'இளவரசர் செட்'. குழந்தைக் கட்டிலுக்குத் தடித்த பஞ்சுப் போர்வை, குட்டித் தலையணை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் பக்க மெத்தை, காதை மூடும் தொப்பி, கையுறை, எல்லாம் ஒரே நீல நிறத்தில். யோசனை தம்பியுடையது, பஞ்சைத் தேர்ந்தெடுத்தவை அண்ணனின் விரல்கள். ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'எங்கள் வீட்டு இளவரசர் இதில்தான் தூங்குகிறார். நேரில் வந்து பாருங்கள்!'

இளவரசர் என்பது விரல்காரரின் பேரன். நான்கு மாதக் குழந்தை. அன்று கடையின் முகப்பில் சிறிய அறை மாதிரி இருக்கும் கண்ணாடிக் காட்சிப் பெட்டிக்குள் அவனைத் தூங்க வைத்துப் படம் எடுப்பதாக ஏற்பாடு. அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலுக்கு மேலே மாட்டப் போகிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல். நோட்டீஸில் இருந்தது உண்மையில்லை. பேரன் அந்த செட்டில் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. மருமகள் விடவில்லை.

குழந்தையின் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் விரல்காரருக்கு வயிறு எரியும். இறுக்கமான மெத்தை, அதன் மேல் இழுத்துச் செருகிய ஒரு விரிப்பு. வேறு எதுவும் இல்லை. அதன் நடுவில் பேரன் மல்லாந்து கிடப்பான்.

"ஊருக்கே போர்வை விக்கிற வீட்ல பேரனுக்கு ஒரு போர்வை இல்லையா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? நாம நொடிச்சுப் போயிட்டோம்னு நெனைக்க மாட்டாங்க?"

"ஆஸ்பத்திரியிலயே சொல்லித்தான் மாமா அனுப்பினாங்க. தூங்கும்போது தளர்வா எந்தத் துணியும் பக்கத்துல இருக்கக் கூடாதாம், முகத்து மேல ஏறிடுமாம். உள்ள பருத்திச் சட்டை, மேல கம்பளி, அதுக்கு மேல இந்தப் பை உடுப்பு. போதும். கழுத்துல அளவா நிக்குது. கை வெளிய இருக்கு. காலை எவ்வளவு வேணா உதைச்சுக்கலாம்."

"பை உடுப்பா? சாக்குன்னு சொல்லு. என் பேரன் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?" என்றபடி அவர் குழந்தையின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பார். "பாரு, ஐஸ் மாதிரி இருக்கு!"

"சின்னக் குழந்தைக்குக் கை கால் அப்படித்தான் மாமா இருக்கும். கையை வச்சு..."

"தொட்டுப் பாக்கறதை எனக்கே சொல்லித் தர்றியாம்மா?"

அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. மருமகள் தன் கணவனைப் பார்த்தாள். அவன் கடையில் துணி அளந்து வெட்டுகிறவன். கத்தரிக்கோல் நேராக ஓடும். அப்பாவுக்கு முன்னால் நாக்கு மட்டும் ஓடாது.

"அப்பாகிட்ட யாரு பேசறது? ஒரே ஒரு போட்டோதானே. எடுத்ததும் தூக்கிக்கலாம்," என்றான்.

முற்பகலிலேயே கடை நிரம்பி வழிந்தது. வாசலில் தலைகள், படியில் தலைகள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கூட்டம் உள்ளே பார்த்தது. காட்சிப் பெட்டிக்குள் புகைப்படக்காரர் இரண்டு பெரிய விளக்குகளைப் போட்டதும் நீலத் துணியெல்லாம் பளபளத்தது. பால் குடித்து உறங்கிவிட்ட குழந்தையை மருமகள் கட்டிலில் மல்லாத்திப் படுக்க வைத்தாள். சின்ன முதலாளி தொப்பியைக் கட்டினார். விரல்காரர் தம் கையாலேயே தலையணையைச் செருகி, போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டார்.

"மாமா, தலையணையாவது வேண்டாமே..."

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய வாங்க. உங்க நிழல் விழுது," என்றார் புகைப்படக்காரர்.

அவள் வெளியே போய்க் கூட்டத்தோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கண் மட்டும் கட்டிலை விட்டு நகரவில்லை.

"அண்ணே, மஞ்சள் கலரும் வந்திருக்குன்னு ஜனத்துக்குத் தெரிய வேண்டாமா?" என்று தம்பி இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து முதல் போர்வையின் மேல் போட்டார். குழந்தை உதைத்தான். ஒவ்வொரு உதைக்கும் போர்வை அலை மாதிரி எழும்பி மேலே மேலே நகர்ந்தது.

"பய உதைக்கிறான் பாரு! ஃபுட்பால்ல போய்ச் சேருவான்!" என்று வெளியே யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. கடைக்குள்ளும் சிரித்தார்கள். புகைப்படக்காரர் கட்டிலை மறைத்தபடி திரும்பி நின்று வேறு லென்ஸை மாட்டினார். விரல்காரர் கூட்டத்தைப் பார்த்து, கைகூப்பியபடி நிமிர்ந்து நின்றார். அந்த நேரத்தில் அவருக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

உதைப்பது நின்றது.

புகைப்படக்காரர் கேமராவில் கண்ணை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"சார், பாப்பா முகம் வரலை."

"தூங்கறான்யா. எழுப்பாம எடு," என்றார் விரல்காரர்.

"எழுப்பச் சொல்லலை சார். முகமே இல்லை. வெறும் போர்வைதான் தெரியுது."

கண்ணாடிக்கு வெளியே மருமகள் இரண்டு கைகளாலும் அறைந்தாள். அவள் வாய் அசைவது தெரிந்தது. கூட்டத்தின் இரைச்சலில் அவள் சத்தம் உள்ளே கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசல் பக்கம் ஓடினாள். அளவு மேசைக்குப் பின்னால் நின்ற அவள் கணவன் அதைப் பார்த்தான். கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு மேசையின் மேலேயே ஏறிக் குதித்தான். காட்சிப் பெட்டியின் வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"தள்ளுங்கப்பா!"

பிறந்ததிலிருந்து அவன் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் அசையும் முன்பே தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தான். இரண்டு போர்வைகளையும் பிடுங்கி எறிந்தான்.

முகம் செக்கச்செவேலென்று கிடந்தது. தலையணை சரிந்து தலை ஒரு பக்கம் மடங்கி, மூக்கு பக்க மெத்தையில் அழுந்தியிருந்தது. தொப்பி நழுவி ஒரு கண்ணை மூடியிருந்தது. மூச்சிரைக்க ஓடிவந்த மருமகள் குழந்தையை வாரி எடுத்துத் தொப்பியை உருவினாள். முடி குளித்தது போல நனைந்திருந்தது.

கன்னத்தைத் தட்டினாள், முதுகைத் தேய்த்தாள்.

பிறகு குழந்தை ஒரு பெரிய மூச்சை இழுத்தான். இழுத்த வேகத்தில் வீல் என்று கத்தினான். அந்தக் கடையில் அதைவிட இனிமையான சத்தம் அதுவரை கேட்டதில்லை. புகைப்படக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விரல்காரர் வந்து பேரனின் கையைப் பிடித்தார்.

"ஐயோ, கை ஜில்லுன்னு இருக்கே! போர்த்து, போர்த்து!" கீழே கிடந்த போர்வையை அவர் மறுபடியும் எடுத்தார்!

மருமகள் அதைத் தட்டிவிட்டாள். அவருடைய விரல்களைப் பிடித்து இழுத்துக் குழந்தையின் பிடரியில் வைத்தாள்.

"துணி பாக்கற விரல்தானே மாமா. இங்க பாருங்க. அப்புறம் நெஞ்சுல பாருங்க."

விரல்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பிடரி கொதித்தது; வியர்வையில் பிசுபிசுத்தது. மார்பு, வெயிலில் கிடந்த கல்லைப் போலச் சுட்டது. வாழ்நாள் முழுக்கத் தொட்டுப் பார்த்தே பிழைத்தவர், தம் பேரனைத் தொடவேண்டிய இடத்தில் தொட்டதேயில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கீழே கிடந்த போர்வையைக் காலால் ஒதுக்கித் தள்ளினார்.

எதிர்க் கட்டடத்தில் டாக்டரம்மா இருந்தார். மகனும் மருமகளும் குழந்தையோடு அங்கே ஓடினார்கள். பின்னாலேயே விரல்காரரும் செருப்புகூடப் போடாமல் ஓடினார். டாக்டரம்மா மேலுடுப்பைக் கழற்றி, மூச்சைக் கேட்டு, சூட்டைப் பார்த்து, நெடுநேரம் தம் கண்முன்னே வைத்திருந்துவிட்டுத்தான் சொன்னார்: "பிழைச்சான். மூக்கு அடைபட்டது ஒரு பக்கம், உடம்பு கொதிச்சது ஒரு பக்கம். இந்த வயசுப் பிள்ளைக்குப் போர்வையைத் தள்ளவும் தெரியாது, சிக்கின முகத்தை விடுவிச்சுக்கவும் வராது. சத்தமே இல்லாம முடிஞ்சு போயிருக்கும்."

திரும்பி வந்தபோது கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. சின்ன முதலாளி அண்ணனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"அண்ணே, கொழந்தை அழுதுச்சு, அவ்வளவுதான்னு ஜனத்துக்கிட்ட சொல்லி நான் சமாளிச்சுட்டேன். உள்ள நடந்தது உள்ளயே இருக்கட்டும். செட்டு கேட்டு எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க! இப்ப ஏதாவது சொன்னா மூணு தலைமுறை மானம் போயிடும்."

"மானத்தைக் காப்பாத்தத்தான் போறேன். நகரு."

விரல்காரர் கடையின் மேல்படியில் ஏறி நின்றார். குனியத் தெரியாத அந்த முதுகு அப்போதும் நிமிர்ந்துதான் இருந்தது. குரல் மட்டும் உடைந்தது.

"எல்லாரும் கேளுங்க. என் பேரன் இந்த செட்டுல தூங்கறான்னு நோட்டீஸ் போட்டிருந்தேன். அது பொய். இன்னிக்குத்தான் முதல் தடவையாப் படுக்க வச்சோம். போர்வை முகத்து மேல ஏறிடுச்சு. பாக்க ஆள் இருந்ததால பிழைச்சான். ராத்திரி உங்க வீட்ல யாரு முழிச்சிருந்து பாப்பாங்க? இந்த செட்டு இனி விற்பனைக்கு இல்லை."

கூட்டம் சலசலத்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு இளம் தகப்பன் கோபமாகக் கேட்டான்: "குளிர் உயிரை எடுக்குதே! அப்ப என்னதாங்க போடறது?"

"அதை நான் சொல்லக் கூடாது. சொன்னவ பேச்சைக் கேக்காதவன் நான். அம்மாடி, இங்க வா. அந்தச் சாக்கையும் எடுத்துக்கிட்டு வா!"

மருமகள் தயங்கித் தயங்கிப் படியேறினாள். பை உடுப்பைத் தூக்கிக் காட்டினாள். ஊர் முன்னால் அவருக்குச் சமமாக அவள் நின்றது அதுதான் முதல் தடவை. நாம் போடுவதற்கு மேல் ஒரு உடுப்புக் கூடுதலாகப் போட்டால் பிள்ளைக்குப் போதும் என்றாள். மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும் என்றாள். பையின் கழுத்து, தலை உள்ளே நழுவாத அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்றாள்.

"தொப்பி?" என்றாள் ஒருத்தி.

"வெளிய போனா போடுங்கக்கா. வீட்ல தூங்கும்போது வேண்டாம். சூடு கூடினா பிள்ளைக்குத் தலை வழியாத்தான் ஆறும்."

"நாங்க கதவை அடைச்சிட்டு கரி அடுப்பு வச்சுப்போம்," என்றார் ஒரு பெரியவர்.

"ஐயோ, வேண்டவே வேண்டாங்க! அதுலருந்து வர்ற விஷக்காத்துக்கு வாசனையே கிடையாது. மொத்தக் குடும்பமும் எழுந்திருக்காது."

"சுடுதண்ணிப் பை?"

"படுக்கறதுக்கு முன்னாடி மெத்தையைச் சூடாக்கிக்கலாம். பிள்ளையைப் போடறதுக்கு முன்னாடி எடுத்துடணும். அப்புறம், குளிருதான்னு கையைத் தொட்டுப் பாக்காதீங்க. பிடரியைத் தொடுங்க. வேர்த்திருந்தா ஒண்ணைக் கழட்டிடுங்க."

சின்ன முதலாளியின் முகம் மெல்லப் பிரகாசமானது. "அண்ணே, இந்தச் சாக்கையே நாம தைச்சு..."

"இன்னிக்கு வியாபாரம் பேசினே, உன்னை அந்தச் சாக்குல போட்டுக் கட்டிடுவேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மகனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அந்த இளம் தகப்பன் மட்டும் இன்னும் நகரவில்லை.

"இருந்தாலும் பெரியவரே, பச்சைக் குழந்தையை ஒண்ணுமில்லாம வெறும் கட்டில்ல போட்டா, பாக்கறவங்க ஏதாவது சொல்ல மாட்டாங்களா?"

விரல்காரர் படியிறங்கி அவனருகில் வந்தார். அவன் தோளில் தூங்கிய குழந்தையின் பிடரியில் இரண்டு விரல்களை மெதுவாக வைத்துப் பார்த்தார். பதமான சூடு.

"சொல்லுவாங்க தம்பி. நானும் சொன்னேன். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் இன்னிக்குப் பேரனைப் பறிகொடுக்க இருந்தேன். கதகதப்பு பிள்ளை போட்டிருக்கிற உடுப்புல இருக்கணும், கட்டில்ல குவிச்சு வைக்கிறதுல இல்லை. போர்வை விக்கிறவன், நானே சொல்றேன். தூங்கற பிள்ளையோட கட்டில்ல பிள்ளை மட்டும் இருக்கட்டும்."