மிதுனா வந்திட்டா

கணவர் தியாகராசாவுக்கு வாய்க்கரிசி போடக் கையை நீட்டியபோதும் தவமலரின் கண் வாசலில்தான் இருந்தது. மிதுனா இன்னும் வரவில்லை. காலையிலிருந்து, உடல் வைத்திருந்த அந்தப் பொரளை மலர்ச்சாலைக்குள் வந்த பெண்களையெல்லாம் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தள்ளியாயிற்று. ஒருத்தி கிழவி. ஒருத்தி கைக்குழந்தைக்காரி. ஒருத்தி அழவே இல்லை. மிதுனா என்றால் கட்டாயம் அழுவாள்.

"மச்சாள், அரிசியைப் போடுங்கோவன். ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்," என்று தியாகராசாவின் தங்கை முதுகில் தொட்டாள்.

போட்டாள். கணவரின் இடது புருவத்துக்கு மேலே மூன்று தையல் போட்ட பழைய தழும்பு தெரிந்தது. ஃப்ளாட் படியில் வழுக்கியதாகச் சொல்லியிருந்தார். அந்தக் காயம் வந்த அடுத்த வாரம்தான் மிதுனாவும் வந்தாள்.

தியாகராசாவுக்கு வேலை வெள்ளவத்தையில், காலி வீதியில், டொக்டர்மார் பின்னேரங்களில் வந்து நோயாளரைப் பார்க்கும் ஒரு சனலிங் சென்டரின் மருந்துப் பகுதியில். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆறு மணிக்கு வந்து குளித்துச் சாப்பிட உட்காருவார். மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது மேசையில் கிடக்கும் போன் அடிக்கும்; திரையில் ஒரு மெசேஜ். 'மிதுனா வந்திட்டா.' அனுப்பியது யாரென்று தவமலர் வாசிப்பதற்குள் போனைக் கவிழ்த்துவிடுவார். பாதிப் பிட்டோடு கையைக் கழுவி, சேர்ட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு மணித்தியாலத்தில் திரும்பும்போது களைத்திருப்பார், ஆனால் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். அந்தத் திருப்தியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஒரே ஒருதரம் கேட்டாள். "அது வேலை அலுவலப்பா," என்று சிரித்தார். இரண்டாம்தரம் கேட்டால் அந்த மிதுனாவிடம் தோற்றதாகிவிடும் என்று தவமலர் வாயை மூடிக்கொண்டாள். அந்த சென்டர் வாசற்படி மிதிப்பதில்லை என்று வைராக்கியம். தன் பிறஷர் குளிசையைக்கூடப் பம்பலப்பிட்டியில் போய் வாங்கினாள். முந்தாநாள் காலையும் தேத்தண்ணியை ஒரு வார்த்தை பேசாமல் டொக்கென்று வைத்தாள். அதைக் குடிக்காமலே, பாதி முகம் சவரம் செய்தபடி அவர் விழுந்தார்.

அப்போதுதான் கறுப்புப் பாவாடையும் கழுத்தில் சிலுவையுமாக ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "அங்கிள், அங்கிள்" என்று விக்கி விக்கி அழுதாள். தவமலர் எழுந்து போய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"நீர்தானே மிதுனா?"

"நான் ரொஷேல், அன்ட்டி. சென்டர்ல கவுன்டர்ல இருக்கேன்."

"அப்ப மிதுனா எங்க? மூண்டு வருசமா என்ர மனுசனைச் சோத்தில இருந்து எழுப்பினவள் எங்க?"

ரொஷேல் அழுகையை நிறுத்தி அவளையே பார்த்தாள். "அன்ட்டி, மிதுனான்னு ஒருத்தரும் இல்ல."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "கவுன்டர்ல நாங்க பொம்பிளைப் பிள்ளைகள் மட்டும்தான். டொக்டர் லேட்டானா ஏச்செல்லாம் எங்களுக்குத்தான். ஒரு நாள் ஒருத்தர் ஸ்டேப்ளரால எனக்கு எறிஞ்சாரு. அங்கிள் குறுக்க வந்தாரு. புருவத்துக்கு மேல இருக்கிற காயம் அதுதான்."

"முதலாளி ஒண்டும் செய்யேல்லையோ?"

"'பொறுமை காக்கவும்'னு ஒரு போர்ட் தொங்கவிட்டாரு. அங்கிள்தான் பேர் வச்சாரு. பொலிஸ்னு கத்தினா ஆளுக்கு இன்னும் வெறி ஏறும், வேற யாருக்கும் விளங்காத சொல் வேணும்னாரு. யாராவது கைய ஓங்கினா 'மிதுனா வந்திட்டா'ன்னு எல்லாருக்கும் மெசேஜ் போடுவோம். கிட்ட இருக்கிறவங்க உடனே வரணும். ஒருத்தியத் தனிய விடக் கூடாது."

"வந்து இவர் சண்டை பிடிக்கிறவரோ?"

"ஒண்ணுமே செய்ய மாட்டாரு, அன்ட்டி. கதிரைய இழுத்துப் போட்டு எங்க பக்கத்துல இருப்பாரு. 'தம்பி, நம்பர் எத்தினை?'ன்னு கேப்பாரு. ஆள் அடங்கிடும்."

"எனக்கேன் சொல்லேல்ல?"

"ஹார்ட்டுக்கு ஸ்டென்ட் வச்சவர்தானே. சொன்னா நீங்க போக விட மாட்டீங்களாம்."

உண்மைதான், விட்டிருக்க மாட்டாள். நெஞ்சு ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. இல்லாத ஒருத்திக்கு மூன்று வருடம் சாபம் போட்டது வெட்கமாயிருந்தது. அதைவிட, தனக்குச் சொல்லாததை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாரே என்று எரிந்தது. எனக்குப் பக்கத்தில் இவர் எப்போது கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவர் என்று நினைத்தபோதுதான் அன்றைக்கு முதன்முறையாக அழுகை வந்தது.

மகனும் ஆண்களும் பெட்டியோடு கனத்தை மயானத்துக்குப் போனார்கள். பெண்கள் வானில் வெள்ளவத்தைக்குத் திரும்பினார்கள். ரொஷேலும் கூட வந்தாள். காலி வீதியில் கோயிலைத் தாண்டும்போது தவமலரின் கைப்பைக்குள் தியாகராசாவின் போன் அடித்தது. ரொஷேலின் போனும் அடித்தது. 'மிதுனா வந்திட்டா.'

"ஐயோ, ஆதிபா தனிய நிக்கிறா," என்றாள் ரொஷேல். "நாங்க எல்லாரும் செத்த வீட்டுக்கு வந்திட்டோமே."

தவமலர் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாரதியின் தோளைத் தட்டி, அங்கேயே நிறுத்தும்படி சிங்களத்தில் சொன்னாள். "மல்லி, மெத்தன நவத்தன்ன."

வான் நின்றது.

"செத்த வீட்டுத் துடக்கோட எங்க போறியள், மச்சாள்? சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்," என்று இறங்கினாள். ரொஷேலும் பின்னால் இறங்கினாள்.

சென்டருக்குள்ளே கதிரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடித்த ஒருவன் கவுன்டர் கண்ணாடியை முட்டியால் அறைந்துகொண்டிருந்தான். பின்னால் ஒரு சின்னப் பெண், ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள். மருந்துப் பகுதிப் பக்கம் ஆளில்லாத ஒரு கதிரை, அவருடையதாகத்தான் இருக்கும்; அதில் பூப்போட்ட குஷன். தவமலர் அதை இழுத்தாள். தரையில் அது கிறீச்சிட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். கவுன்டருக்குள் கொண்டுபோய் ஆதிபாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் வெள்ளைச் சேலையைப் பார்த்தான். "நீங்க ஆர்?"

"மிதுனா," என்றாள். "தம்பி, நம்பர் எத்தினை?"

கை கண்ணாடியிலேயே நின்றது, பிறகு இறங்கியது. "பதினேழு. அம்மாவுக்கு மத்தியானம் துவக்கம் நெஞ்சு நோ."

"ரொஷேல், உள்ளுக்க நேர்ஸிட்ட உடன சொல்லும். நீங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில இருங்கோ, தம்பி. அவவைப் பாக்கும்வரை நானும் இருக்கிறன்."

அவன் போய் இருந்தான். ரொஷேல் நேர்ஸைக் கூட்டி வந்தாள். ஆதிபா ஃபைலை மேசையில் வைத்தாள். தவமலர் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த குஷனின் ஓரத் தையலை விரலால் தடவினாள். கையால் தைத்தது; அவசரமில்லாத தையல்.

"பிள்ளை," என்று ஆதிபாவிடம் மெல்லக் கேட்டாள், "இந்தக் குஷன் இவருக்கு ஆர் தைச்சுக் குடுத்தது?"

ஆதிபா ரொஷேலைப் பார்த்தாள். ரொஷேல் தலையைக் குனிந்துகொண்டாள்.

தவமலர் எழுந்து குஷனை எடுத்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு வெறுங்கதிரையில் திரும்பவும் உட்கார்ந்தாள்.