நாணல் புகை

சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருந்த காற்று ஆய்வு நிலையத்தில் அவளுக்கு நான்கு வருடமாக வேலை. மாடியில் இருக்கும் கருவிக்குள் ஆறு நாளைக்கு ஒருமுறை வெள்ளை வடிதாள் ஒன்றை வைப்பாள். ஒரு நாள் முழுக்கக் காற்றிலிருந்த தூசியைப் பிடித்து வைத்திருக்கும் அந்தத் தாளை இடுக்கியால் எடுத்து எடை போடுவாள். மழை மாதங்களில் தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே வரும். கடல் உப்பும் கொஞ்சம் பூந்தாதும்தான். மழை விட்டு நாணல் காய்ந்ததும் கரியைத் தேய்த்ததுபோல் கறுத்துவிடும்.

அந்தக் கறுப்புக்கு அக்கரைச் செங்கல் சூளைதான் காரணம் என்று அவளுடைய அண்ணன் அடித்துச் சொன்னான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடையில் அண்ணி மூச்சுத் திணறிச் செத்தாள். அன்றிலிருந்து சூளையை மூட வைக்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு மனுமேல் மனுவாகப் போட்டான். மீன் பிடிக்கிற நாற்பது குடும்பமும் அவன் பின்னால் நின்றது. "என் தங்கச்சி கையில ஆதாரம் இருக்கு" என்று மார்தட்டுவான்.

அந்த மனுமீதான விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வடிதாள்களை அனுப்பியிருந்த ஆய்வகத்திலிருந்து பரிசோதனை முடிவு வந்தது. கோடைக் கரியில் சூளையின் பங்கு நூற்றுக்கு இருபதுகூட இல்லை. அறுபதுக்கு மேல் செடி எரிந்த புகை. யார் எரிப்பது என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் வற்றியதும், மிஞ்சிய குட்டைகளில் வலை போட வழி வேண்டி மீன் பிடிக்கிறவர்கள்தான் நாணலைக் கொளுத்துவார்கள். முதல் தீக்குச்சி எப்போதும் அண்ணனுடையது.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனாள். அவன் வலையில் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தான்.

"அண்ணா, சூளைப் புகை கொஞ்சம்தான். மிச்சத்துல பெரும்பங்கு நாணல் புகை. நாம கொளுத்துறது."

"சூளைக்காரன் உன்னையும் வளைச்சுப் போட்டுட்டானா?"

நான்கு வருடக் கரியளவை மாதவாரியாகக் கோடாக வரைந்த காகிதத்தை அவள் நீட்டினாள். அவன் ஒவ்வொரு மாதமாக விரலால் தொட்டுக்கொண்டே வந்து, கோடு செங்குத்தாக ஏறிய ஓர் இடத்தில் நின்றான்.

"அவ போன மாசம் இது."

"ஆமா."

"அப்போ நான்தான்..."

"அதை இது சொல்லாதுண்ணா. யாராலயும் சொல்ல முடியாது."

"வாயை மூடு" என்றான். அவள் கிளம்பும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை.

விசாரணை அன்று சூளை வக்கீல் வாய் திறப்பதற்குள் அண்ணன் எழுந்தான். "சூளையும் புகை விடுது. அதைவிட அதிகமா நாங்க விடுறோம். முதல்ல கொளுத்துறவன் நான்தான்" என்றான்.

"பாவி, எங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். சூளைக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று போனது. அதோடு சரி.

அடுத்த கோடையில் அண்ணன் அரிவாளோடு சேற்றில் இறங்கி நாணலை அறுத்தான். பத்து நாளாகியும் அவன் வலை போடும் பங்கில் கால்வாசிகூட முடியவில்லை. அவனோடு பேச்சை நிறுத்திவிட்ட மற்றவர்கள் வழக்கம்போலவே கொளுத்தினார்கள். அவள் லீவு போட்டுவிட்டு இன்னொரு அரிவாளோடு போய் நின்றாள்.

"வீட்டுக்குப் போ."

அவள் போகவில்லை. இருவரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இருமி இருமி அறுத்துக்கொண்டிருந்தார்கள்.